ஐஸ் கம்பெனிக் குதிரைகள்

எங்கள் லாயம் ஒரு காலத்தில் ஐஸ் கம்பெனியாக இருந்தது. எர்ணாவூரில், ரயில் பாதைக்கும் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் போன காலம் முடிந்து, மோட்டாரையும் குழாய்களையும் யாரோ பழைய இரும்புக்குக் கழற்றிக்கொண்டு போனபிறகு, தகரக் கூரையும் சிமென்ட் தரையும் மட்டும் மிஞ்சின. என் கணவர் அந்தத் தரையைப் பார்த்துத்தான் இடத்தை வாடகைக்குப் பிடித்தார். உருகுகிற தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்ட தரை. குழாயைத் திறந்துவிட்டுத் துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளினால் மூத்திரமும் லத்தியும் வாய்க்காலுக்கு ஓடிவிடும். குதிரை கட்ட இதைவிட நல்ல தரை கிடைக்காது என்றார். துடைப்பத்தைப் பிடிக்கப்போவது நான்தான் என்பதால் நானும் உடனே ஒத்துக்கொண்டேன்.

ஏரியாவில் இன்றைக்கும் அதற்கு ஐஸ் கம்பெனி என்றுதான் பேர். தண்ணி லாரிக்காரர் போன் செய்தால், "ஐஸ் கம்பெனியா? இன்னிக்கு தண்ணி குதிரைக்கா, வூட்டுக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

நான் கல்மண்டபத்தில் பிறந்தவள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கல்யாணத்துக்கு முன் நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே குதிரை, எங்கள் கோயிலில் புனிதர் ஒருவரைச் சுமந்துகொண்டு முன்காலைத் தூக்கி நிற்கும் சுரூபக் குதிரைதான். அது கடிக்காது, உதைக்காது, கொள்ளு கேட்காது. என் கணவரோ பல வருடம் ரேஸ் லாயத்தில் குதிரை பார்த்துக்கொண்டவர். அந்த வேலையை விட்டு வந்தபிறகு ஒவ்வொன்றாக நான்கு குதிரைகள் சேர்த்தார். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, கடலோரமாகவே தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் வழியாக முகத்துவாரம் வரை போய்த் திரும்புவதுதான் தொழில். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் புகைபோக்கிகள். "எண்ணூர்லயா குதிரை சவாரி?" என்று போனில் சந்தேகமாகக் கேட்கிறவர்கள்கூட ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த மாதம் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

நாங்கள் குதிரைகளுக்குப் பேர் வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பழைய இடத்தில் ஒரு பேர் இருந்திருக்கும். நாமும் ஒன்றை வைத்து எதற்குக் குழப்ப வேண்டும் என்பார் கணவர். நிறத்தையோ உயரத்தையோ சொல்லியே கூப்பிட்டோம்.

வெள்ளைதான் மூத்தது. சௌகார்பேட்டைக் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்தே பாதி ஆயுளைக் கழித்தது. ரொம்பச் சாது. எவ்வளவு பெரிய கூட்டம் என்றாலும் மிரளாது. ஆனால் சீரியல் பல்பு எரிகிற எந்த வாசலைப் பார்த்தாலும் அதைக் கல்யாண மண்டபம் என்று நினைத்து நின்றுவிடும். மேலே இருப்பவர் இறங்கும்வரை நகராது. ஒருமுறை திருவொற்றியூரில் புதிதாகத் திறந்த செல்போன் கடை வாசலில் நின்றுகொண்டு, கடைக்காரர் வந்து சந்தனம் வைத்தபிறகுதான் கிளம்பியது. அதற்கு நடனமும் பழக்கியிருந்தார்கள். மேளச் சத்தம் கேட்டால் முன்கால்களை மாற்றி மாற்றித் தூக்க ஆரம்பித்துவிடும்.

கறுப்பு சினிமாவில் இருந்தது. அதை எங்களுக்கு விற்றவர் அந்த விஷயத்தைச் சொல்லவில்லை. வந்த புதிதில் ஒருநாள் எக்ஸ்பிரஸ் ரோட்டைத் தாண்டும்போது கன்டெய்னர் லாரி ஒன்றின் டயர் வெடித்தது. கறுப்பு முழங்காலை மடக்கி, மெதுவாகச் சாய்ந்து, நடுரோட்டில் கண்ணை மூடிப் படுத்துவிட்டது. மணலி வரைக்கும் லாரி நின்றிருக்கும். டிரைவர்கள் எல்லோரும் இறங்கி வந்து சுற்றி நின்று உச்சுக்கொட்டினார்கள். என் கணவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார். விற்றவருக்கு நான் போன் போட்டுக் கத்தியபோது அவர் நிதானமாக, "கையில வெல்லம் எதுனா கீதா? ஒரு துண்டு காட்டு, எந்திரிப்பான்" என்றார். எழுந்தது. சண்டைக் காட்சியில் துப்பாக்கி வெடித்ததும் செத்து விழுவது அதன் வேலை. விழுந்தால் வெல்லம் கிடைக்கும். அன்று முதல் எங்களில் யார் வெளியே போனாலும் மடியில் வெல்லம் இருக்கும்.

மட்டக்குதிரை மெரினாவில் இருந்து வந்தது. பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பலூன் சுடுகிற கடைவரை போய்த் திரும்புவதுதான் அங்கே ஒரு ரவுண்டு. எங்களிடம் வந்தபிறகும் அந்தத் தூரத்தை அது மறக்கவில்லை. அவ்வளவு நடந்ததும், மேலே யார் இருக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று கவலைப்படாமல் திரும்பிவிடும். முன்னால் போகிற குதிரையின் வால் மூக்கில் படுகிற மாதிரி வரிசையில் விட்டால் மட்டும் எவ்வளவு தூரமும் வரும்.

நாலாவது செவலை. பெண் குதிரை. ரேஸில் ஓடியது, ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. முன்கால் நரம்பு இழுத்துக்கொண்டு, இனி ஓடாது என்று ஆனபோது, தான் குளிப்பாட்டி வளர்த்த குதிரை என்று என் கணவர்தான் கேட்டு வாங்கிவந்தார். எங்கள் வாய்க்கால் தண்ணீரிலும் கடல் தண்ணீரிலும் நின்று நின்று ஒரு வருடத்தில் கால் தேறிவிட்டது. குணம் மட்டும் தேறவில்லை. தனக்கு முன்னால் இன்னொரு குதிரை போவதை அதனால் பொறுத்துக்கொள்ள முடியாது. வெள்ளைக்குப் பின்னால் விட்டால் அதன் புட்டத்தைக் கடிக்கும். மட்டக்குதிரைக்குப் பின்னால் விட்டால் அதன் மேலேயே ஏறப்பார்க்கும். பறக்கிற பிளாஸ்டிக் கவரைக் கண்டால் பக்கவாட்டில் எகிறும். பக்கத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் போனால் திரும்பிக்கூடப் பார்க்காது, கவருக்கு மட்டும் பயம். சவாரிக்கு வந்தவர்களை அதன்மேல் ஏற்ற முடியவில்லை. என் கணவர் கனத்த உடம்புக்காரர். அந்தக் காலை நினைத்து அவரும் ஏறமாட்டார். எல்லாக் குதிரைக்கும் மேலாகத் தின்றுகொண்டு நாள்முழுக்க நின்றுகொண்டிருந்தது.

கடைசியில் ஆற்காட்டுப் பக்கத்தில் ரேக்ளா வண்டி ஓட்டுகிற ஒருவர் அதைக் கேட்டார். என் கணவர் பல நாள் யோசித்துவிட்டு, "மாசக் கடைசில வந்து இட்டுனு போவட்டும்" என்றார்.

"தார் ரோட்டுல வண்டி இஸ்துனு ஓடினா அந்தக் கால் எத்தினி நாளு தாங்கும்?" என்று கேட்டேன்.

"தெரியும்மே. எனக்கு மட்டும் மனசு கேக்குதா? மத்த மூணும் சேர்ந்து சம்பாரிச்சு இதுக்குத்தான் போட்டுனு கீது."

கொள்ளு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

அந்த வாரம்தான் அவருக்கு அடிபட்டது. எத்தனையோ வருடம் குதிரையிலிருந்து விழாதவர், புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு வந்த பைக்கிலிருந்து பள்ளத்தில் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று கட்டுப்போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து படுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "எல்லாருக்கும் போன் போட்டு சவாரி இல்லேன்னு சொல்லிடு."

நான் போனை எடுக்கவில்லை. அந்த நான்கு குதிரைக்கும் இத்தனை வருடம் கொள்ளு வேகவைத்தது நான். எதற்கு எந்த இடத்தில் சொறிந்தால் உதடு தொங்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒருநாள்கூட ஒன்றின் முதுகிலும் உட்கார்ந்தது இல்லை. அவர் வேண்டாம் என்று தடுக்கவில்லை; உட்காரேன் என்று சொன்னதும் இல்லை; எனக்கும் தோன்றவில்லை. நாற்பதைத் தாண்டிய ஒரு பொம்பளை துடைப்பமும் வாளியுமாகக் குதிரைகளுக்குக் கீழேயே நடமாடிக்கொண்டிருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் இயல்பாக இருந்தது.

"நான் இட்டுனு போறேன்" என்றேன்.

"எத்த?"

"சவாரிக்கு வர்றவங்கள. நீ கத்துக்குடு."

அவர் சிரித்தார். சிரித்ததில் தோள் வலித்து முகம் சுளித்தார். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும், "நெசமாவா மே?" என்று கேட்டார்.

மறுநாள் ஐஸ் கம்பெனி முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வெள்ளையின் முதுகில் ஏற நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். கவிழ்த்துப்போட்ட மீன் கூடையின்மேல் ஏறி, சேணத்தைப் பிடித்துத் தொங்கி, ஒருவழியாக மேலே போனபோது உலகமே வேறாகத் தெரிந்தது. தகரக் கூரையில் இருந்த ஓட்டைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை தெரிந்தது, அதற்கும் அப்பால் ஒரு மாடியில் வற்றல் காயப்போடுகிற பெண் தெரிந்தாள். அவள் கையாட்டினாள். லகானை விட்டுவிட்டு நானும் ஆட்டினேன்.

"லகானப் புடி!" என்று அவர் கத்தினார். "முதுக நிமித்து! குதிங்கால கீழ அமுத்து! மூச்ச வுடு!"

அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. வெள்ளைக்குப் புரிந்தது. நான் தப்பாக இழுத்தால் நின்றுவிடும். சரியாக உட்கார்ந்தால் நடக்கும். கால் உள்பக்கம் எல்லாம் தோல் உரிந்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அகட்டி அகட்டி நடந்தேன். மீன்கார அக்கா பார்த்துவிட்டு, "இன்னாடி, ஆபரேசனா?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிறுக்கு ஒரு குடும்பம் முன்கூட்டியே பதிவு செய்திருந்தது. தண்டையார்பேட்டையில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிற தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி, அவர் மனைவி, கல்லூரியில் சேர்ந்திருக்கும் ஒரே மகள். ஆசைப்பட்டது மகள். மூன்று பேருக்கு மூன்று குதிரை போய்விட்டால் முன்னால் போகிற எனக்குக் குதிரை இல்லை. செவலை மட்டும்தான் இருந்தது.

"செவலைய எடுத்துக்கறேன்" என்றேன்.

"அவளா? வேணாம்மே. பேஜாரா பூடும்."

"தனக்கு முன்னால யாரும் போவக்கூடாதுன்னுதானே சண்ட போடுறா? நான் முன்னாலதானே போவப்போறேன். நானும் உன்ன மாதிரி வெயிட்டு இல்ல."

அவர் எழுந்து செவலையிடம் போனார். நல்ல கையால் அதன் முன்காலை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்து, "கவருக்கு இன்னா பண்ணுவ?" என்று கேட்டார்.

அதற்கும் யோசித்து வைத்திருந்தேன். வீட்டில் இருந்த பிளாஸ்டிக் கவர்களை எல்லாம் எடுத்து வந்து லாயத்துத் தூண்களிலும் குறுக்குக் கம்பியிலும் கட்டிவிட்டேன். கடல்காற்றில் அவை படபடவென்று அடித்துக்கொண்டன. முதல்நாள் செவலை தின்னாமல் மூலையில் வியர்த்து நின்றது. மூன்றாம் நாள் ஒரு கவரை மோந்துபார்த்தது. சனிக்கிழமை அதைக் கடித்து இழுத்துத் துப்பியது. அன்று சாயந்தரம் நான் அதன்மேல் ஏறி முற்றத்தைச் சுற்றினேன். வெள்ளை மெத்தை மாதிரி என்றால் இது உதைத்த பந்து மாதிரி இருந்தது. காது இரண்டும் எப்போதும் முன்னால். நான் பேசிக்கொண்டே இருந்தால் ஒரு காது மட்டும் என்னிடம் திரும்பும். அதனால் வாய் ஓயாமல் பேசினேன். கறிக்கடை விலை, நாத்தனார் சண்டை எல்லாம் சொன்னேன்.

ஞாயிறு காலை அந்தக் குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. அண்ணாச்சி நல்ல ஆகிருதி. கறுப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "யம்மா, நான் ரெண்டு மூட்டை கனம் இருப்பேனே. இது தாங்குமா?" என்று கேட்டார்.

"தாங்கும் அண்ணாச்சி. சினிமாவுல ராஜாவ எல்லாம் தூக்கின குதிரை" என்றேன்.

"ராஜாவெல்லாம் என்னய மாதிரி அரிசிச் சோறா தின்னாவ?" என்றபடி ஏறினார். அவர் மனைவியை வெள்ளையின்மேல் ஏற்றினோம். அந்த அம்மா சுடிதாரின் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். ஒல்லியான மகள் மட்டக்குதிரைக்கு. அவள் வடசென்னையில் பிறந்து வளர்ந்தவள். பேச்சில் அப்பா அம்மாவின் ஊர் கொஞ்சமும் இல்லை.

என் கணவர் தோளில் கட்டோடு ரோட்டின் நடுவில் போய் நின்று ஒற்றைக் கையால் லாரிகளை நிறுத்தினார். முன்னால் செவலையும் நானும். பின்னால் வெள்ளை, அதற்குப் பின்னால் கறுப்பு, கடைசியாக மட்டக்குதிரை. ரோட்டைத் தாண்டி, அலை தடுக்கப் போட்ட பாறைச் சுவரின் இடைவெளி வழியாக மணலில் இறங்கியதும் செவலை கழுத்தை நீட்டிக் கடலைப் பார்த்து ஒருமுறை கனைத்தது. அவ்வளவுதான். அதற்கப்புறம் வேறு எந்தத் தகராறும் இல்லை. முன்னால் வெறும் மணலும் தண்ணீரும் மட்டும் இருக்க, அது யாரையும் கடிக்க வேண்டியிருக்கவில்லை; வால்கூட அமைதியாக ஆடியது. ஒரு கவர் காற்றில் உருண்டு வந்து காலில் ஒட்டியது. குனிந்து பார்த்துவிட்டு நடந்தது. நான் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால், முக்காடு போட்ட மாதிரித் துப்பட்டா கட்டிய அந்த அம்மா கண்ணைத் திறந்திருந்தார்.

நெட்டுக்குப்பம் கரையில் அன்றைக்குப் புதுப் படகு இறக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மாலை போட்ட பைபர் படகைச் சுற்றிக் கூட்டம். நாங்கள் அதைத் தாண்டுகிற நேரத்தில் சரவெடியைக் கொளுத்தினார்கள். கூடவே பேண்டு செட்டும் ஆரம்பித்தது.

வழக்கமாகக் கிளம்புமுன் என் கணவர் கறுப்பின் சினிமாக் கதையை எல்லோருக்கும் சொல்வார். அன்று எனக்கிருந்த படபடப்பில் அது நினைவுக்கு வரவில்லை. பின்னால் "ஐயையோ!" என்ற சத்தம் கேட்டுச் செவலையைத் திருப்பினேன். கறுப்பு முழங்காலை மடக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி மணலில் உருண்டார். மேளம் கேட்ட வெள்ளை, அந்த அம்மாவோடு நடனமாடத் தொடங்கியிருந்தது. முன்னால் பிடித்துக்கொள்ள வால் இல்லாமல் போன மட்டக்குதிரை, ரவுண்டு முடிந்தது என்று முடிவு செய்து, மகளைச் சுமந்துகொண்டு எர்ணாவூரைப் பார்த்து ஓட ஆரம்பித்தது.

நான் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் செவலை யோசித்துவிட்டது. முகம் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்க, தனக்கு முன்னால் ஒரு குதிரை ஓடுகிறது. அது போதாதா?

அதற்கு முன் நான் நடையைத் தாண்டி எதுவும் பழகவில்லை. லகானை விட்டுவிட்டுப் பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மணல் கீழே கோடாகப் போனது. கண்ணில் தண்ணீர், வாயில் உப்பு. "மாதாவே" என்று கத்தினேன் என்று நினைக்கிறேன். விழுந்துவிடுவேன் என்று தோன்றியது, விழவில்லை. கொஞ்ச தூரத்தில் உடம்பு தானாகவே அதன் ஆட்டத்தோடு சேர்ந்துகொண்டது. பயம் எங்கே போனது என்று தெரியாமல், நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மட்டக்குதிரையைத் தாண்டினோம். தாண்டியதும் செவலை ஒருமுறை பக்கவாட்டில் பார்த்தது. முன்னால் யாரும் இல்லை என்று தெரிந்ததும் யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைத்து நடைக்கு வந்தது. பின்னால் வந்த மட்டக்குதிரைக்கு மூக்கெதிரே ஒரு வால் கிடைத்துவிட்டது. அதுவும் நடந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் தலைமுடி எல்லாம் கலைந்து, பல்லுக் கம்பி தெரிய, "ஆன்ட்டி, செமையா இருந்துச்சு! இன்னொரு தபா போலாமா?" என்றாள்.

இரண்டு பேரும் திரும்பிப் போனோம். படகுக்காரர்கள் வெடியை நிறுத்தியிருந்தார்கள். பேண்டுக்காரர்கள் நிறுத்தவில்லை. ஆடுகிற குதிரை கிடைத்த உற்சாகத்தில் இன்னும் வேகமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஆடிய அத்தனை அடவையும் ஆடியது. மேலே அந்த அம்மா, ஒரு செருப்பு போய், துப்பட்டா அவிழ்ந்து, கன்னம் சிவந்து, சிரிப்பை அடக்கமுடியாமல் சேணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். குப்பத்துப் பெண்கள் கைதட்டி விசில் அடித்தார்கள்.

அண்ணாச்சி இவை எதையும் பார்க்கவில்லை. கறுப்பின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் மணல். கண் கலங்கியிருந்தது.

"அடி பட்டுச்சா அண்ணாச்சி?" என்று நான் குதித்து இறங்கினேன்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. மெத்தையில சாச்ச மாதிரி சாச்சுட்டு, அது போய்ச் சேந்துட்டு." விசிறுவதை நிறுத்தவில்லை. "எம்பாரம் தாங்காமத்தான் செத்துட்டு. நான் அப்பமே கேட்டேம்லா? வாயில்லா சீவன். கடைசி நேரத்துலகூட என்னய நசுக்காம பாத்து விழுந்துதம்மா."

நான் மடியிலிருந்து வெல்லத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "மூக்குகிட்ட காட்டுங்க" என்றேன்.

அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். இருந்தாலும் காட்டினார். கறுப்பு முதலில் ஒரு மூக்குத்துளையை விரித்தது. பிறகு ஒரு கண்ணைத் திறந்தது. நாக்கை நீட்டி வெல்லத்தை வழித்துக்கொண்டு, உடம்பை உதறி எழுந்து நின்று, இன்னொன்று இருக்கிறதா என்று அவர் சட்டைப் பையை மோந்தது. அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தவர், மணலில் மல்லாந்து படுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி குதிரைமேல் இருந்தபடியே, "ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சி?" என்று கேட்டார்.

"நடிப்பாம்ளா! என்னய அழவச்சுட்டான் பய!"

நாங்கள் முகத்துவாரம் வரை போகாமல் திரும்பினோம். நான் திட்டுவாங்கத் தயாராக இருந்தேன். ஆட்டோவில் ஏறுமுன் அந்த அம்மா மட்டும் திரும்பி வந்து, என் காதருகே, "அடுத்த வாரம் நான் மட்டும் வாரேன். எனக்கு இதே வெள்ளைய வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவருக்குச் செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. குப்பத்திலிருந்து யாரோ போன் செய்து, "மாமு, உன் பொண்டாட்டி பீச்சுல ரேஸ் வுட்டுனு கீறா" என்றிருக்கிறார். அவர் நேராகச் செவலையிடம் போய் முன்காலைத் தடவிப் பார்த்தார். சூடில்லை, வீக்கமில்லை. காலை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பயந்தியா மே?"

"ஆரம்பத்துல."

"எப்டி ஓடினா?"

"முன்னால வந்ததும் தானா நின்னுட்டா" என்றேன். "ஜெயிச்சா போதும் அவளுக்கு. அப்புறம் வெறி இல்ல."

அவர் கொஞ்ச நேரம் அதன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் குதிரை ஓடிய ஒவ்வொரு ரேஸையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் அவர். "அங்க ஒரு தபாகூட இவளுக்கு அது கெடைக்கலியே" என்றார். பிறகு உள்ளே போய் ரேக்ளாக்காரருக்குப் போன் செய்தார். நான் வாளியைக் கழுவுகிற சத்தத்தில் என்ன பேசினார் என்று கேட்கவில்லை. வெளியே வந்து, "வரவேணாம்னு சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் தோள் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதும் ஞாயிறு சவாரி அவருடையது. சனிக்கிழமைக் காலை என்னுடையது. அன்றைக்குப் பெண்கள் மட்டும்தான். அரிசிக்கடை அம்மா கூட்டிவந்த இரண்டு பேரில் ஆரம்பித்து, எம்.கே.பி. நகரிலிருந்து ஒரு டீச்சர், துறைமுக ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து நேராக வருகிற ஒரு நர்ஸ் என்று பெருகிவிட்டது. அண்ணாச்சி சவாரி செய்வதில்லை. மனைவியை இறக்கிவிட வருகிறவர், கறுப்புக்குத் தன் கடையிலிருந்து கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதை ஒருமுறை சாகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருப்பார். சத்தம் வெடிக்காமல் அது சாகாது. அவரே "டமால்" என்று கத்திப் பார்க்கிறார்.

போன வாரம் ஐந்தாவதாக ஒரு குதிரை வந்திருக்கிறது. சாம்பல் நிறம். கொண்டுவந்து விட்டவருக்கே அது முன்பு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கைமாறிக் கைமாறி வந்ததாம். முதுகில் சேணம் உரசிய தழும்பு இல்லை, வாயில் கடிவாளத்தின் தடம் இருக்கிறது. வண்டி இழுத்திருக்குமோ என்கிறார் கணவர். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நேற்று மேளம் வாசித்த ஒரு வண்டி ரோட்டில் போனபோது பார்த்தேன், அசையவில்லை. கப்பல் சங்கு ஊதியபோதும் அசையவில்லை. இன்று காலை பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. தின்றுகொண்டிருந்த புல்லை வாயில் வைத்தபடியே தலையைத் தூக்கி, காதுகளை அந்தப் பக்கம் திருப்பி, வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்ற குதிரையோ என்று, நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.